நடனத்தின் ஓசை கேட்டு வெளியே நின்றவன்

இவ்வாரத் தியானப் பகுதி: லூக்கா 15:25-32, 1 கொரிந்தியர் 9:24-27



நம் ஆர்.எஸ்.புரத்தில் மேற்படிப்புக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய குடும்பங்கள் பல. இங்கே பொறியியல் முடித்து, அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ முதுகலை படிக்கப் போகிறார்கள். அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் பால்ரூம் நடனக் குழுக்கள் இருக்கின்றன. ஓர் அடிகூட எடுத்து வைக்கத் தெரியாதவர்களையும் அவை சேர்த்துக்கொள்கின்றன. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் வால்ட்ஸ், டாங்கோ போன்ற நடனங்களைக் கற்பித்து, சில மாதங்களிலேயே பிற பல்கலைக்கழகங்களோடு போட்டியிட அழைத்துப் போகின்றன. அறையில் தனியே குளிர்காலத்தைக் கழிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குழு ஒரு குடும்பம்போல் ஆகிவிடுகிறது. படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்த பிறகும் சிலர் அதை விடுவதில்லை. மாலைகளையும் வார இறுதிகளையும் சம்பளத்தில் ஒரு பகுதியையும் அதற்கென்றே ஒதுக்குகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மகளுடைய பெற்றோர் அண்மையில் என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். படிக்கும் காலத்தில் தொடங்கி, வேலைக்குப் போன பின்பும் மகள் போட்டிகளில் ஆடிவருகிறாள் என்பது, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வந்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. வரன் பார்க்கத் தொடங்கியிருக்கும் நேரம். "இது பாவமுங்களா ஐயா? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவ கேட்டுக்குவாளுங்க" என்றார் தாயார்.

மகள் அங்கே ஆராதனைக்குப் போகிறாளா என்று கேட்டேன். போகிறாள். வேதபாட வகுப்பிலும் இருக்கிறாள். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவே இந்தத் தியானத்தைத் தொடங்கினேன். ஆனால் நான் கேட்ட கேள்வியே சபையாகிய நமக்கு அதிக அவசரமானது என்று இப்போது எண்ணுகிறேன்.

வேதம் சொல்வதும் சொல்லாததும்

நடனத்தைக் கண்டித்துப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பகுதிகளை எடுத்துக்காட்டுவார்கள். ஒன்று, யாத்திராகமம் 32-ல் பொன் கன்றுக்குட்டியின் முன் நடந்த ஆட்டம். மற்றது, ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடியது. முதலாவதில் மோசேயின் கோபத்தை மூட்டியது விக்கிரகாராதனை. இரண்டாவதை மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் கவனமாக வாசியுங்கள். அந்தப் பெண்ணைக் குறிக்க மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் "கொராசியோன்". முந்தின அதிகாரத்தில் ஆண்டவர் கைப்பிடித்து எழுப்பிய யவீருவின் பன்னிரண்டு வயது மகளுக்கும் அதே சொல்தான். அவள் ஒரு சிறுமி. குற்றம் இருந்த இடங்கள் தாயின் வன்மமும், விருந்தினர் முன் வீறாப்பாக ஆணையிட்ட அரசனின் கோழைத்தனமும். ஆயினும் நம் பிரசங்கங்களில் இருபது நூற்றாண்டுகளாக அந்தச் சிறுமியின் பாதங்களே தண்டனை பெற்றுவருகின்றன.

மறுபுறம், செங்கடலைக் கடந்தபின் மிரியாமும் ஸ்திரீகளும் தம்புருகளோடு ஆடினார்கள். உடன்படிக்கைப் பெட்டியின் முன் தாவீது தன் முழு பலத்தோடும் ஆடினான். கடைசி இரண்டு சங்கீதங்களும் நடனத்தால் கர்த்தரைத் துதிக்க அழைக்கின்றன. நடனம் தன்னிலே பாவம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை.

இங்கே நேர்மையும் தேவை. தாவீது தனியே ஆடினான்; மிரியாமோடு ஆடியவர்கள் பெண்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் பிடித்து ஆடும் நடனம் வேதாகமத்தில் எங்கும் இல்லை. ஆகவே தாவீதைச் சாட்சியாக அழைத்து வால்ட்ஸுக்கு அனுமதிச் சீட்டு வாங்க முடியாது. வேதம் பெயர் சொல்லாத காரியங்களை நாம் வேதத்தின் நியமங்களால் நிதானிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் உரிமை உண்டு, ஆனால் எல்லாமே பயன் தராது என்று கொரிந்து சபைக்குப் பவுல் காட்டிய வழி அதுவே.

இந்த நடனம் எத்தகையது

நிதானிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய போட்டிகளில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து நடனங்கள். வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் ஆகியவை ஸ்டாண்டர்டு பிரிவு. சம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகியவை லத்தீன் பிரிவு. 1920-களில் இங்கிலாந்தின் நடன ஆசிரியர்கள் அடிகளையும் இசையின் வேகத்தையும் வரையறுத்து, சமூக விருந்துகளின் ஆட்டத்தைப் பயிற்சிக்குரிய கலையாக்கினார்கள். 1920-ல் தொடங்கிய பிளாக்பூல் நடன விழா இன்றும் இத்துறையின் பெரிய மேடை. 1997-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதன் உலகக் கூட்டமைப்பை அங்கீகரித்தது. 2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதற்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

ஸ்டாண்டர்டு நடனத்தில் ஆணின் வலக்கை பெண்ணின் இடத் தோள்பட்டை எலும்பின்மேல் இருக்க வேண்டும். இந்தப் பிடியைப் பயிற்சியாளர்கள் சலிக்காமல் திருத்துகிறார்கள். பல ஜோடிகள் ஒரே தளத்தில் எதிர்க்கடிகாரத் திசையில் நகருகின்றன. பெண் பெரும்பாலும் பின்னோக்கியே நடப்பதால், தன் முதுகுக்குப் பின்னால் வருவதைத் துணைவனின் கண்களை நம்பியே கடக்கிறாள். பிறரை மோதாமல் அழைத்துச் செல்லத் தெரியாதவன் எத்தனை அழகாக ஆடினாலும் நல்ல ஆட்டக்காரன் அல்ல. முதற்சுற்றுகளில் நடுவர்கள் வரிசை எண் தருவதில்லை. அடுத்த சுற்றுக்கு யாரை அழைப்பது என்று மட்டும் குறிக்கிறார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பின், ஒவ்வொரு நடனத்திற்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, தன் எண் அழைக்கப்படவில்லை என்று தெரிந்து கைதட்டியபடி ஓரமாக நிற்கப் பழக வேண்டும்.

இதில் ஒழுங்கும் பொறுமையும் பிறரைக் கவனிக்கும் பண்பும் இருப்பதை மறுக்க முடியாது. சோதனையும் இருக்கிறது. ரும்பா காதலை நடித்துக் காட்டும் நடனம். லத்தீன் பிரிவின் உடைகள் பல நம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவை. ஜோடி நடனத்தின் நெருக்கம் திருச்சபையை மட்டும் அதிரவைக்கவில்லை. 1816-ல் இங்கிலாந்து அரச விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டபோது லண்டனின் 'தி டைம்ஸ்' பத்திரிகையே அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த அச்சம் முழுவதும் மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அச்சம் ஒரு காவற்காரன். ஆனால் காவற்காரனை வீட்டுத் தலைவனாக்கிவிடக் கூடாது.

நம் மண்ணில் நடந்தவை

இது நமக்கு முற்றிலும் அந்நியம் என்று எண்ணுகிறவர்கள் போத்தனூரை நினைத்துப் பார்க்கலாம். 1862-ல் ரயில் பாதை வந்தபின் அங்கே வளர்ந்த ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. நாட்டின் ரயில்வே காலனிகளில் வாழ்ந்த அந்தச் சமூகத்தாருக்கு கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஜைவும் பண்டிகையின் பகுதிகளாக இருந்தன. ஜைவ் போட்டிகளும் பரிசுகளும்கூட உண்டு. அவர்கள் நம்மைப்போலவே ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருவிருந்தில் பங்குபெற்றவர்கள். தகப்பன் மகளோடு ஆடினான், தாய் மகனுக்குக் கற்றுக்கொடுத்தாள், பாட்டிமார் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் இருந்த அறையிலேயே வாலிபர் ஆடினார்கள். 1947-க்குப் பின் அக்குடும்பங்களில் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. அவர்களோடு அந்தப் பழக்கமும் நம் கண்ணிலிருந்து மறைந்தது.

கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மியையும் எண்ணிப் பாருங்கள். அதன் பாடுபொருள் வேறு சமயத்தாருடையது. ஆனால் அதன் வரலாறு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்பித்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த முதுபெரும் ஆசான் பத்திரப்பன். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று நம் ஊர்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் கும்மி அடிக்கிறார்கள். பரதநாட்டியத்தின் கதையும் அப்படிப்பட்டதே. நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட சதிரை 1935-ல் ருக்மிணி தேவி மேடையில் ஆடியபோது சென்னை அதிர்ந்தது. இன்று திருச்சியில் கத்தோலிக்கர் நிறுவிய கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியில் பரதநாட்டியம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

சமூகம் ஏற்றுக்கொண்டதெல்லாம் தேவனுக்கு ஏற்றது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். ஒரு காரியத்தை வெட்கக்கேடு என்று தள்ளும்போது, அந்தத் தீர்ப்பில் வேதம் எவ்வளவு, ஊர் வழக்கம் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். அவ்வளவே என் வேண்டுகோள்.

மறைவின் ஆபத்து

இனி நான் அதிகம் பயப்படுகிற காரியத்திற்கு வருகிறேன். ஜோடி நடனத்தில் ஒரு பெண் தன் சரீரத்தை நம்பிக்கையோடு வேறொருவருடைய கையில் ஒப்படைத்துப் பயிற்சி பெறுகிறாள். பயிற்சியாளர் மூத்தவர், அதிகாரம் உள்ளவர். துணைவன் விலகிவிட்டால் அவளுடைய ஆண்டு முழுவதும் வீணாகும். தொடுதல் என்பதே அங்கே பாடமாதலால், பாடம் எங்கே முடிந்து அத்துமீறல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வாய்திறக்க மிகுந்த தைரியம் வேண்டும். எந்த விளையாட்டிலும் பயிற்சியிலும் இப்படிப்பட்ட ஆபத்து உண்டு.

இப்போது யோசியுங்கள். வீட்டாருக்குத் தெரிந்து ஆடுகிற பெண், ஏதேனும் தவறு நடந்தால் அன்றிரவே தாயிடம் சொல்வாள். வீட்டாருக்கு மறைத்து ஆடுகிறவள் யாரிடம் சொல்வாள்? "நீ ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் மௌனமாயிருப்பாள். நடனத்திலிருந்து அவளைக் காப்பதாக எண்ணி நாம் காட்டிய கடுமை, நடனத்தில் வரக்கூடிய உண்மையான தீங்குக்கு எதிரே அவளைத் தனியாக நிறுத்திவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தோல்வியில் மனம் உடைந்தாலும், கடன் வாங்கி ஆடை தைத்தாலும், காயத்தை மறைத்து ஆடினாலும், கேட்க ஒருவருமில்லை.

பெற்றோரே, ஒரு காரியத்தை நீங்கள் அங்கீகரிக்காமல் இருக்கலாம். ஆனால் அதைப் பற்றிக் கேட்டறிந்தவர்களாக இருங்கள். "உன் துணைவன் எப்படிப்பட்டவன்? பயிற்சி எங்கே நடக்கிறது? திரும்பி வரும்போது யார் கூட வருகிறார்கள்? நீ சந்தோஷமாக இருக்கிறாயா?" என்று கேட்கிற பெற்றோரால் தங்கள் பிள்ளையைத் திருத்தவும் முடியும். காணாத ஆட்டை எந்த மேய்ப்பனும் மேய்க்க முடியாது.

ஆடுகிறவர்களுக்கு மூன்று கேள்விகள்

வாலிபரே, பெற்றோரிடம் மட்டும் பேசிவிட்டு உங்களை விட்டுவிடப்போவதில்லை.

முதலாவது, உங்கள் கைகள். இளம்பெண்களைச் சகோதரிகளாக, முழுத் தூய்மையோடு பாவிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 5:2). நடனத் தளத்திலும் அந்த வசனம் செல்லும். உங்கள் துணையை அவளுடைய பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடிக்கிறீர்களா? உங்கள் மனச்சாட்சி இடம் கொடாத ஆடையை, பாவனையை, நடனத்தை மறுக்க உங்களுக்குத் துணிவு இருக்கிறதா? ஸ்டாண்டர்டு பிரிவில் மட்டும் போட்டியிடுகிறவர்கள் பலர் உண்டு. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் தளத்தில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, உங்கள் ஞாயிறும் உங்கள் பணமும். போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கின்றன. எப்போதாவது ஒரு ஞாயிறு பயணத்தில் போவது வேறு. மாதக்கணக்கில் சபை ஐக்கியமே இல்லாமற்போவது வேறு. பாடங்களும் காலணிகளும் ஆடைகளும் நுழைவுக் கட்டணமும் செலவு மிக்கவை. படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்த தகப்பன் இங்கே மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கையில், அங்கே எவ்வளவு செலவழிக்கலாம் என்பது ஓர் உக்கிராணக்காரனுக்குரிய கேள்வி. முதற்பலனைக் கர்த்தருக்கும், கடமையை வீட்டுக்கும் கொடுத்தபின் மீந்ததைக் கொண்டு ஆடுங்கள்.

மூன்றாவது, உங்கள் கிரீடம். கொரிந்து நகருக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவனுக்குப் பைன் இலைகளாலான முடி சூட்டினார்கள். சில நாட்களில் அது வாடிவிடும். அந்த வாசகர்களுக்குத்தான் பவுல் ஓட்டக்காரனின் உவமையை எழுதினார். அவர் ஓட்டக்காரனைப் பரிகசிக்கவில்லை. அவனுடைய இச்சையடக்கத்தை மெச்சி, அழியாத கிரீடத்திற்காக ஓடுகிற நாம் அவனுக்குக் குறைந்தவர்களாக இருக்கலாமா என்று கேட்கிறார். உங்கள் எண் அழைக்கப்படாத இரவில் நீங்கள் யார்? முழங்காலும் வயதும் இனி முடியாது என்று சொல்லும் நாளில் நீங்கள் யார்? பால்ரூம் காலணியின் அடிப்பாகம் மெல்லிய மென்தோலால் ஆனது. அதை அணிந்து தெருவில் நடந்தால் பாழாகிவிடும் என்பதால் தளத்தின் ஓரத்தில் மாற்றிக்கொள்கிறார்கள். கலையையும் வெற்றியையும் அந்தக் காலணிபோல் வைத்திருங்கள். அணியவும் தெரியட்டும், கழற்றி வைக்கவும் தெரியட்டும்.

திருமணப் பேச்சு வரும்போது இதை மறைக்காதீர்கள். இதைச் சொன்னதால் விலகிப்போகும் வரன் விலகட்டும். பின்னாளில் தெரிந்து கசப்பாவதைவிட அது நல்லது. வரன் பார்க்கும் வீட்டாருக்கும் சொல்கிறேன்: ஒரு பெண் ஆடியிருக்கிறாள் என்பதை அவளுடைய நடத்தைச் சான்றிதழாகப் படிக்காதீர்கள். அவளிடமே கேளுங்கள்.

இடறலும் மனவருத்தமும்

"நம் பிள்ளைகள் ஆடினால் சபையில் பலவீனருக்கு இடறல் ஆகாதா?" என்று மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். தகுந்த கேள்வி. 1 கொரிந்தியர் 8-ல் பவுல் சொல்லும் இடறல் என்ன? ஒருவனுடைய மாதிரியைக் கண்டு, மற்றொருவன் தன் மனச்சாட்சிக்கு விரோதமாகவே அதைச் செய்யத் துணிந்து விழுந்துபோவது. அப்படி விழக்கூடிய ஒரு தம்பியோ தங்கையோ அருகில் இருந்தால், அன்பின் நிமித்தம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்பவை இடறல் அல்ல. அவை மனவருத்தம். மனவருத்தத்தையும் நாம் மதித்துப் பேச வேண்டும். அதற்கு இடறல் என்று பெயர் சூட்டி, வேதத்தின் அதிகாரத்தை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

லூக்கா 15-ல் மூத்த குமாரனுக்கு நேர்ந்தது மனவருத்தமே. வயலிலிருந்து வீட்டருகே வந்தவன் இசையையும் நடனத்தையும் கேட்டான். அங்கே நடனத்திற்கு லூக்கா எழுதும் சொல் "கொரோஸ்". நம் ஆலயப் பாடகர் குழுவை "கொயர்" என்கிறோமே, அந்தச் சொல்லின் வேரும் அதுதான். கிறிஸ்துமஸ் காலத்தில் கேரல் போட்டி வைத்து, ஒரே நிறத்தில் சேலை உடுத்திய குழுக்களுக்குக் கோப்பை வழங்குகிற நமக்கு, கலையில் போட்டியிடுவது புதிதல்ல. குரலால் போட்டியிட்டால் தாலந்து, சரீரத்தால் போட்டியிட்டால் தாழ்வு என்று சொல்ல எந்த வசனமும் எனக்குத் தெரியவில்லை.

மூத்தவன் உள்ளே வந்து பார்க்கவில்லை. ஒரு வேலைக்காரனை அழைத்து விசாரித்தான். கேட்டறிந்ததை வைத்துத் தீர்ப்பு சொன்னான். தன் சகோதரனைத் தம்பி என்றுகூட அழைக்காமல், தகப்பனிடம் "உம்முடைய மகன்" என்று சுட்டினான். தகப்பனோ அவனைத் தேடியும் வெளியே வந்தார், வருந்தி அழைத்தார். இளையவனை நோக்கி ஓடிய அதே பாதங்கள் மூத்தவனிடமும் நடந்து வந்தன. அவன் உள்ளே போனானா இல்லையா என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்தக் கதையின் முடிவை நம் ஒவ்வொரு வீட்டிற்கும் விட்டுவைத்திருக்கிறார்.

இந்த வாரம் உங்கள் பிள்ளையோடு தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபின் இன்னொன்றும் கேளுங்கள்: எங்களிடம் சொல்லத் தயங்குகிற சந்தோஷம் ஏதாவது உனக்கு இருக்கிறதா? பதில் உடனே வராமற்போகலாம். அடுத்த வாரமும் கேளுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, எங்கள் சரீரங்களை உமது ஆவியானவரின் ஆலயமாக உண்டாக்கினீர். தூரதேசங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் கைகளையும் பாதங்களையும் காத்தருளும். அவர்கள் உமக்கு மறைவாக எதையும் செய்ய விரும்பாதிருக்கவும், எங்களுக்கு மறைக்க எந்தத் தேவையும் இல்லாதிருக்கவும் கிருபை செய்யும். வெளியே நிற்கிற எங்களையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்
ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்